சந்துப் பக்கத்து ஜன்னல்

அமலோற்பவம் டீச்சர் தச்சு வேலை கற்றுக்கொள்ள வந்து நின்றபோது அவருக்கு வயது ஐம்பத்தாறு. கற்றுக்கொடுக்க வேண்டிய கோமளவல்லிக்கு முப்பத்தெட்டு.

கோமளவல்லி காரைக்காலில் பட்டறை வைத்திருந்தாள். நூறு, நூற்றைம்பது வருஷத்து வீடுகளின் மர ஜன்னல்களைப் பழுதுபார்ப்பதுதான் அவள் வேலை. புது ஜன்னல் கேட்டு வருபவர்களுக்கு வேறு நல்ல பட்டறையாகப் பார்த்து வழி சொல்லி அனுப்பிவிடுவாள். பழைய ஜன்னலைக் கழற்றி எறிந்துவிடலாமா என்று கேட்டு வருபவர்களை மட்டும் டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைப்பாள்.

டீச்சர் அவளுக்கு எட்டாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர்.

"டீச்சர், நீங்களா?" என்று இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"உட்காரு. கணக்குல உனக்கு நான் போட்ட மார்க்கை மறந்திருந்தா என்னை வேலைக்குச் சேர்த்துக்க."

"இருபத்தொண்ணு டீச்சர். மறக்கல. சேர்த்துக்கறேன்."

இருவரும் சிரித்தார்கள். பிறகு கோமளவல்லி கேட்டாள்.

"எதுக்கு டீச்சர் இந்த வேலை உங்களுக்கு?"

"முப்பது வருஷமா கரும்பலகையில எழுதி எழுதி அழிச்சிருக்கேன். அழிக்க வேண்டாத வேலை ஒண்ணு செய்யணும்போல இருக்கு."

அன்றே ஒரு உப்புத்தாளைக் கையில் கொடுத்து ஒரு மூலையில் உட்காரவைத்தாள் கோமளவல்லி. மறுநாளிலிருந்து டீச்சர் அவளை 'மேஸ்திரி' என்றும் 'நீங்க' என்றும் கூப்பிட ஆரம்பித்தார். கோமளவல்லிக்குக் கூச்சமாகப் போயிற்று.

"பழையபடி பேரைச் சொல்லியே கூப்பிடுங்க டீச்சர்."

"கத்துக்க வந்தவ நான். நீங்க என்னை டீச்சர்னு கூப்பிடறதைத்தான் நிறுத்தணும்."

"அது வராது டீச்சர்."

அப்படியே இருந்துவிட்டது. மேஸ்திரி டீச்சரை டீச்சர் என்றாள். டீச்சர் மேஸ்திரியை மேஸ்திரி என்றார். பட்டறைக்கு வந்தவர்கள் யார் யாரிடம் வேலை பார்க்கிறார்கள் என்று தெரியாமல் முழித்தார்கள்.

டீச்சருக்குக் கை நன்றாகவே படிந்தது. ஒரு வருஷத்தில் உளி பிடிக்கவும் மூட்டுப் பிரிக்கவும் வந்துவிட்டது. பழக்கம் ஒன்றுதான் போகவில்லை. எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு விடை இருக்க வேண்டும் அவருக்கு, அதுவும் மணி அடிப்பதற்குள்.

அப்போதுதான் ஜுலைகா பீவியின் வீட்டு வேலை வந்தது.

ஜுலைகா பீவிக்கு அறுபத்து மூன்று வயது. கணவர் காலமாகிவிட்டார். மகன் சிங்கப்பூரில். அவன் ஊருக்கு வந்தபோது எல்லா ஜன்னலையும் எடுத்துவிட்டு அலுமினியத்தில் போட்டுவிடலாம் என்றிருக்கிறான். "இது உன் பாட்டனாரோட வாப்பா பர்மாவுலேர்ந்து கப்பல்ல கொண்டு வந்த தேக்கு. நான் மவுத்தான பிறகு எதை வேணா போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டார் அவர். அடுத்த வாரம் கோமளவல்லிக்கு ஆள் அனுப்பினார்.

மொத்தம் பதினோரு ஜன்னல்கள். ஒவ்வொன்றிலும் வெளிப்பக்கமாகத் திறக்கும் இரண்டு கதவுகள். கதவு முழுக்கச் சாய்வாக அடுக்கிய மெல்லிய பட்டைகள், வெளிச்சத்தை விட்டு வெயிலைத் தடுப்பதற்கு. ஜுலைகா பீவி ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனார். இது இறுகிக் கிடக்கிறது, இதில் மழைத் தண்ணீர் வருகிறது, இதன் பட்டையை மகன் ஏழு வயதில் பந்தடித்து உடைத்தான்.

சமையலறைக்கு அடுத்த அறையில் கடைசி ஜன்னல். அதன் முன்னால் அவர் நிற்கவில்லை. நடந்துகொண்டே சொன்னார்.

"இதை ஒண்ணும் செய்ய வேணாம். சந்துப் பக்கத்துலேர்ந்து பார்க்கறவங்களுக்கு மத்த ஜன்னல் மாதிரி தெரியணும், அவ்வளவுதான். சுரண்டி வர்ணம் அடிச்சா போதும். ஆணியைத் தொடக்கூடாது."

டீச்சர் பார்த்தார். இரண்டு கதவுகளையும் நிலையோடு சேர்த்து உள்பக்கமிருந்து ஒன்பது ஆணிகள் அடித்திருந்தன. தச்சர் அடித்த ஆணிகள் இல்லை. சில வளைந்திருந்தன. ஆணித் தலைகளைச் சுற்றி மரம் நசுங்கியிருந்தது.

"சரிம்மா" என்றாள் கோமளவல்லி. ஏன் என்று அவள் கேட்கவில்லை. டீச்சருக்குக் கேட்காமல் இருப்பது கஷ்டமாக இருந்தது.

பத்து ஜன்னல்களை முடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. பச்சை வர்ணத்துக்குக் கீழே நீலம் இருந்தது. நீலத்துக்குக் கீழே மரம். உளுத்துப்போன இடத்தை மட்டும் வெட்டியெடுத்து, அதே அளவுக்குப் பழைய தேக்குத் துண்டு வைத்து ஒட்டினார்கள். ஜுலைகா பீவி முதலில் தள்ளி நின்று பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்று பார்த்தார். பிறகு சாப்பாட்டு நேரத்துக்கு இரண்டு தட்டு எடுத்து வைக்கத் தொடங்கினார்.

பதினொன்றாவது ஜன்னலுக்கு வந்தார்கள். அந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே இரண்டு ஆள் கைநீட்டினால் தொட்டுக்கொள்ளும் அகலத்தில் ஒரு சந்து. அதில் நின்றுதான் வேலை.

முதல் நாளிலேயே வர்ணத்தைச் சுரண்டி முடித்துவிட்டார்கள். மறுநாள் வர்ணம் அடித்துக் கிளம்பிவிடலாம் என்று டீச்சர் நினைத்தார். கோமளவல்லி வர்ண டப்பாவைத் திறக்கவே இல்லை. கீல்களில் சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய் விட்டாள். ஊறிய துருவை ஊசியால் எடுத்தாள். மறுபடி விட்டாள். கதவின் அடிச்சட்டத்தில் உளுத்த இடத்தைக் கழற்றாமலே வெட்டி ஒட்டுப் போட்டாள். நான்கு நாள் ஆயிற்று.

"மேஸ்திரி, வர்ணம் மட்டும்தானே அடிக்கச் சொன்னாங்க?"

"ஆமா டீச்சர்."

"ஒன்பது ஆணி அடிச்சிருக்கு. திறக்கப் போறதே இல்லை. மத்த பத்து ஜன்னலுக்கும் பார்க்காத பக்குவம் எல்லாம் இதுக்கு எதுக்கு?"

கோமளவல்லி குனிந்து கீலுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த எண்ணெய்க் கிண்ணத்தை எடுங்க டீச்சர்."

டீச்சர் எடுத்துக் கொடுத்தார். கோமளவல்லி ஒரு கோழி இறகில் எண்ணெயைத் தொட்டுக் கீலின் மேல் தடவினாள்.

சந்துக்கு அந்தப் பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டது. கையில் ஒரு தட்டு, தட்டில் இரண்டு டம்ளர் சுக்குக் காப்பி.

"வெயில்ல நிக்கறீங்களே. குடிங்க."

அது மைமூன் பீவி, ஜுலைகாவின் தங்கை. இரண்டு பெண்களுக்கும் பக்கத்துப் பக்கத்தில் இருந்த பழைய வீடுகளை எழுதிக் கொடுத்திருந்தார் அவர்களுடைய வாப்பா. தெருவில் இறங்காமலே அக்காளும் தங்கையும் பேசிக்கொள்ள, எதிரும் புதிருமாக இரண்டு ஜன்னல் வைத்திருந்தார்.

கோமளவல்லி காப்பியைக் குடித்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டாள். டீச்சர் ஜன்னலருகிலேயே நின்றார். மைமூன் பீவிக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்ததோ என்னவோ, கேட்காமலே சொன்னார்.

"உம்மா கடைசியில என் வீட்டுலதான் கிடந்தாங்க. ஜுலைகா லாத்தா பதினோரு நாள் பக்கத்தை விட்டு நகரல. பச்சத் தண்ணி குடிக்கவும் ஞாபகம் இல்லை அவளுக்கு. பன்னெண்டாம் நாள் நான்தான் சத்தம் போட்டு, போய் ஒரு மணி நேரம் படுத்துட்டு வான்னு அனுப்பி வச்சேன். மத்தியானம் லுஹர் தொழுதுட்டுப் படுத்தா. அப்போ உம்மாவுக்கு மூச்சு மாறுச்சு."

"நீங்க கூப்பிடலையா?"

"இந்த ஜன்னல்கிட்ட வந்தேன். அந்தப் பக்கம் பாய்ல படுத்திருக்கா, வாய் திறந்து, சின்னப் பிள்ளை மாதிரி. பதினோரு நாள் கழிச்சு அப்பத்தான் கண்ணு மூடியிருக்கா. இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டுமேன்னு திரும்பிட்டேன். கொஞ்ச நேரம் இருக்கும்னு நினைச்சேன். இல்லை."

மைமூன் பீவி டம்ளர்களை வாங்கித் தட்டில் வைத்தார்.

"ஏழாம் நாள் பாத்திஹா முடிஞ்சதும் அம்மிக் குழவியை எடுத்து அவளே அடிச்சா ஆணியை. இந்தப் பக்கம் நான் நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். பதினாலு வருஷம் ஆச்சு. கல்யாண வீட்டுல பார்த்தா சலாமுக்குப் பதில் சொல்லுவா. அதோட சரி."

அன்று ராத்திரி டீச்சருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பதினாலு வருஷம். நடுவில் இருப்பது ஒன்பது ஆணி. ஒரு குறடு இருந்தால் பத்து நிமிஷ வேலை.

மறுநாள் கோமளவல்லி பழைய மரம் பார்க்க நாகூர் போயிருந்தாள். டீச்சர் தனியாக வந்து, அந்த ஜன்னலின் உள்பக்கத்துக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். பள்ளிவாசலில் லுஹர் பாங்கு சொன்னது. ஜுலைகா பீவி தொழப் போனார்.

டீச்சர் குறட்டை எடுத்தார்.

முதல் ஆணி கிறீச்சிட்டது. மற்றவை அவ்வளவு சத்தம் போடவில்லை. ஒன்பதையும் பிடுங்கி ஒரு துணியில் வைத்தார். இரண்டு கதவுகளையும் உள்ளங்கையால் தள்ளினார். கோமளவல்லி நான்கு நாள் எண்ணெய் விட்ட கீல்கள், ஒரு முனகல்கூட இல்லாமல் திறந்தன.

எதிரே மைமூன் பீவி முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்தார். டீச்சரைப் பார்த்துச் சிரிக்கப் போனவரின் பார்வை டீச்சரைத் தாண்டிப் போய் நின்றுவிட்டது.

டீச்சர் திரும்பினார். தொழுகைத் துப்பட்டாவோடு ஜுலைகா பீவி அறை வாசற்படியில் நின்றார்.

"லாத்தா" என்றார் மைமூன் பீவி. கையிலிருந்த கீரைக்கொத்து கீழே விழுந்தது.

ஜுலைகா பீவி நேரே ஜன்னலுக்கு வந்தார். வெளியே எட்டி இரண்டு கதவையும் இழுத்து மூடினார். மூடிய கதவுகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே நின்றார்.

"ஆணி எங்கே?"

"அம்மா, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"ஆணி எங்கேன்னு கேட்டேன். உங்க வீட்டு ஜன்னலா இது? எனக்கு எப்பத் திறக்கணும்னு உங்களுக்குத் தெரியுமா? என்னைக் கேக்காம, நான் இல்லாத நேரம் பார்த்து... எல்லாரும் எனக்கு நல்லதுதான் செய்யறீங்க!"

டீச்சர் ஆணித் துணியை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தார்.

"கோமளத்தை வரச் சொல்லுங்க. வேலை போதும்."

கோமளவல்லி சாயங்காலம் வந்தாள். டீச்சர் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். உள்ளே போய் ஜுலைகா பீவியின் முன்னால் நின்றாள்.

"தப்பு பண்ணிட்டோம்மா."

"நீ பண்ணல. அந்தம்மா பண்ணினாங்க."

"எங்க பட்டறை செஞ்சது. எங்க தப்புதான். எப்படி இருந்ததோ அப்படி வச்சுட்டுப் போறோம்."

பிறகு அவள் டீச்சரை உட்காரவைத்து ஆணித் துணியைப் பிரித்தாள். ஒவ்வொரு ஆணியாகக் கல்லின் மேல் வைத்து நிமிர்த்தச் சொன்னாள். நிமிர்த்தியதை அதனதன் பழைய துளையிலேயே அடிக்கச் சொன்னாள்.

டீச்சர் அடித்தார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு தண்டனையை எந்தப் பிள்ளைக்கும் அவர் கொடுத்ததில்லை. ஒவ்வொரு அடிக்கும் சந்துக்கு அந்தப் பக்கம் யாரோ நின்று கேட்டுக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. இந்தப் பக்கம் ஜுலைகா பீவி சுவரில் சாய்ந்து நின்றார். ஆறாவது ஆணிக்கு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒன்பதாவது ஆணி இறங்கியதும், "நாளைக்கு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வழியெல்லாம் டீச்சர் முன்னால் வேகமாக நடந்தார். பட்டறைக்கு வந்ததும் வெடித்தார்.

"என்ன சாதிச்சீங்க மேஸ்திரி? அவங்க ரெண்டு பேருக்கும் இன்னும் எத்தனை வருஷம் மிச்சம் இருக்கு? யாராவது ஒருத்தர் அந்த ஆணியைப் பிடுங்கித்தானே ஆகணும்?"

கோமளவல்லி குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தாள். டீச்சர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"எட்டாம் வகுப்புல ஒரு நாள், டீச்சர். தொட்டியில தண்ணி நிறையற கணக்கு. எல்லாரும் போட்டு முடிச்சுட்டாங்க. நான் மட்டும் பாதியில நிக்கறேன். ஒரு குழாய் நிரப்புது, ஒரு குழாய் காலி பண்ணுது. எனக்கு இப்போதான் லேசாப் பிடிபட ஆரம்பிக்குது. நீங்க வந்தீங்க. மணி அடிக்கப் போகுது. பாவம்னு நினைச்சு, என் பென்சிலை வாங்கி, என் நோட்டுல விடையை எழுதிட்டு, தலையைத் தடவிக் குடுத்துட்டுப் போனீங்க."

டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடை சரியான விடைதான் டீச்சர். எனக்கு இன்னிக்கு வரைக்கும் அந்தக் கணக்கு வராது."

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்கு அது ஞாபகமே இல்லை" என்றார் டீச்சர்.

"உங்களுக்கு எப்படி இருக்கும்? நாப்பது பிள்ளைங்க. தலையைத் தடவினது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு, அதையும் சொல்லிடறேன்."

டீச்சருக்குக் கண் கலங்கியது. சிரிப்பும் வந்தது. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலையில் பட்டறைக் கதவு திறக்கும் முன்பே வந்து நின்றிருந்தார்.

ஜுலைகா பீவியின் வீட்டில் வேலை மறுபடி தொடங்கியது. டீச்சர் யார் முகத்தையும் பார்க்காமல் வேலை செய்தார். சாப்பாட்டு நேரத்தில் தட்டு வைக்கப்படவில்லை. மூன்றாம் நாள் வைக்கப்பட்டது. அன்று ஜுலைகா பீவி அந்த ஜன்னலின் பக்கத்தில் வந்து நின்றார்.

"கோமளம், இது என்ன கோடு? முன்னாடி இல்லையே."

மேலிருந்து மூன்றாவது ஆணியிலிருந்து கதவின் சட்டத்தில் ஒரு மெல்லிய வெடிப்பு ஓடியிருந்தது.

"ஆணியால வந்ததும்மா. இரும்பு துருப்பிடிச்சா உப்பும். மரம் ஒரு அளவு வரைக்கும் இடம் குடுக்கும். அப்புறம் வெடிச்சுரும்."

"முன்னாடியே இருந்துச்சா?"

"உள்ளே இருந்திருக்கும். எடுத்து மறுபடி அடிச்சதுல வெளியே தெரியுது. இன்னும் நாலஞ்சு மழைக்குத் தாங்கும்."

"அதுக்கப்புறம்?"

"சட்டம் பிளந்துரும்."

ஜுலைகா பீவி அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது மூடியேதான் இருக்கணும்" என்றார்.

"மூடியே இருக்கட்டும்மா. அதுக்கு ஆணி வேணும்னு இல்லை. ஒரு தாழ்ப்பாள் போதும்."

"தாழ்ப்பாள்னா யார் வேணாலும் திறந்துருவாங்களே."

"உள்பக்கம்தானே இருக்கும்? நீங்க மட்டும் இருக்கற வீடு."

ஜுலைகா பீவி கோட்டின் மேலிருந்து விரலை எடுத்தார். டீச்சருக்கு நாக்கு நுனியில் பத்து வார்த்தை வந்து நின்றது. உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் அவர்கள் போனபோது, ஜன்னல் கட்டையின் மேல் ஒரு சின்னப் பித்தளைத் தட்டில் ஒன்பது ஆணிகளும் இருந்தன. கதவுகள் மூடியபடியே, ஒரு கயிற்றால் இழுத்துக் கட்டப்பட்டிருந்தன. ஜன்னலடியில் ஒரு முக்காலி கிடந்தது. ஜுலைகா பீவியின் வலது கையில் துணி சுற்றியிருந்தது.

"குறடு வழுக்கிடுச்சு" என்றார். "தாழ்ப்பாளைப் போட்டுடுங்க."

தாழ்ப்பாளை டீச்சர்தான் பொருத்தினார். பழைய பித்தளைத் தாழ்ப்பாள். ஒரு விரலால் தள்ளினால் நகரும்படி மூன்று தடவை கழற்றித் தேய்த்து மாட்டினார். கோமளவல்லி வந்து ஒரு தடவை தள்ளிப் பார்த்தாள். பின்னால் நின்ற ஜுலைகா பீவியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"நாலு விரல் கீழே இறக்குங்க டீச்சர். அம்மாவுக்கு வலது தோள் மேல எழும்பாது."

இரண்டு மாதமாக ஒரே வீட்டில் சாப்பிட்டும் டீச்சர் அதைக் கவனித்திருக்கவில்லை. துளைகளை அடைத்துவிட்டு நான்கு விரல் கீழே மறுபடி பொருத்தினார்.

கதவுகள் மூடியிருக்க, தாழ்ப்பாள் போட்டிருக்க, வெளிப்பக்கம் பச்சை வர்ணம் அடித்து வேலையை முடித்துக் கிளம்பினார்கள். சந்தில் சாமான் எடுக்கப் போனபோது மைமூன் பீவி கேட்டார்.

"ஆணியை எடுத்துட்டீங்களா?"

"அவங்களே எடுத்தாங்க" என்றார் டீச்சர். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

புரட்டாசி போய் ஐப்பசி வந்தது. அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டு ஊற்றியது. முதல் மழை ஓய்ந்ததும், அந்த வருஷம் வேலை செய்த வீடுகளுக்கெல்லாம் கோமளவல்லி ஒரு தடவை போய்வருவாள். ஈரத்தில் மரம் உப்பி எங்கேயாவது இறுகியிருக்கும். ஒரு இழைப்பு இழைத்துக் கொடுத்தால் சரியாகிவிடும். அதற்கு யாரும் அவளைக் கூப்பிட வேண்டியதில்லை.

அன்று அவர்கள் கிளம்புவதற்கு முன்பே போன் வந்தது. ஜுலைகா பீவி போட்ட சத்தம், மூலையில் உட்கார்ந்திருந்த டீச்சருக்கே கேட்டது.

"என்ன வேலை செஞ்சு வச்சிருக்கே கோமளம்? சந்துப் பக்கத்து ஜன்னல் ரெண்டு நாளா அசைய மாட்டேங்குது! தாழ்ப்பாளை எடுத்துட்டேன், கதவு வரல. குத்துக் குத்துன்னு குத்திப் பார்த்துட்டேன். இதுதான் உங்க பட்டறை லட்சணமா?"

டீச்சர் கையிலிருந்த உளியை மெல்லக் கீழே வைத்தார்.

"வந்துட்டே இருக்கோம்மா" என்றாள் கோமளவல்லி.

போனபோது ஜுலைகா பீவி அறை நடுவே நின்றிருந்தார். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் ஒன்று துணியில் சுற்றி ஜன்னல் கட்டையில் இருந்தது. மிளகும் சித்தரத்தையும் சேர்ந்த வாசனை.

"நாலு நாளா அவ இருமறா. சுவரைத் தாண்டிக் கேக்குது. கஷாயம் போட்டு வச்சிருக்கேன்."

"நான் வேணா தெரு வழியாப் போய்க் குடுத்துட்டு வரவா?" என்று கேட்க வாயெடுத்த டீச்சர் வாயை மூடிக்கொண்டார்.

ஜுலைகா பீவியே சொன்னார். "தெரு வழியா சுத்திப் போனா ஆறிடும். நீங்க இதைப் பாருங்க. சீக்கிரம்."

கோமளவல்லி இழைப்புளியை டீச்சரிடம் நீட்டினாள். "நீங்க பாருங்க டீச்சர்."

இரண்டு கதவும் நடுவில் சேரும் இடத்தில் உப்பியிருந்தது. டீச்சர் மெதுவாகத் தட்டி ஒரு கதவை மட்டும் விரலளவு விலக்கி, விளிம்பில் இழைத்தார். வெங்காயத் தோல் மாதிரி ஒரு சுருள் விழுந்தது. இன்னொரு சுருள்.

"போதும் டீச்சர். வெயில் வந்தா மரம் சுருங்கும்."

டீச்சர் விலகிக்கொண்டார். கதவைத் தள்ளவில்லை.

ஜுலைகா பீவி துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டார். இடது கையால் ஒரு கதவையும் வலது கையால் மற்றதையும் தள்ளினார். திறந்தது. சந்தில் தேங்கிய மழைத் தண்ணீரின் வெளிச்சம் அறைக்குள் ஆடியது.

மைமூன் பீவி எதிர் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

ஜுலைகா பீவி கஷாயத்தை டம்ளரில் ஊற்றிச் சந்தின் குறுக்கே நீட்டினார். அந்தப் பக்கமிருந்து கை நீண்டு டம்ளரைப் பிடித்தது. இந்தக் கை விடவில்லை.

"ரெண்டு நாளா உள்ளேர்ந்து குத்தற சத்தம் கேட்டுச்சு லாத்தா" என்றார் மைமூன் பீவி. "வெளியிலேர்ந்து இழுத்து விடலாம்னு கை நீட்டினேன். நீ என்ன நினைப்பியோன்னு..."

"இழுத்திருக்க வேண்டியதுதானே?"

மைமூன் பீவி முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார்.

"அன்னிக்கும் என்னை எழுப்பியிருக்க வேண்டியதுதானே?" ஜுலைகா பீவியின் குரல் உடைந்தது. "ஒரு தட்டுத் தட்டியிருந்தா எழுந்திருச்சிருப்பேனே, மைமூன்."

"எழுப்பியிருக்கணும் லாத்தா. நீ அசந்து தூங்கினே. எனக்கு மனசு வரல."

டம்ளர் இன்னும் இரண்டு பேர் கையிலும் இருந்தது. ஒரு சொட்டு சந்துத் தண்ணீரில் விழுந்தது.

"குடி" என்றார் ஜுலைகா பீவி. "ஆறிடப் போகுது."

கோமளவல்லி டீச்சரின் முழங்கையைத் தொட்டாள். இருவரும் சாமான்களை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே வந்தார்கள்.

தெருவில் வெயில் எட்டிப் பார்த்தது. டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நடந்தார். தெரு முனை வரைக்கும் பொறுத்தார். அதற்குமேல் முடியவில்லை.

"மேஸ்திரி, அந்த ஜன்னலுக்கு அவ்வளவு பாடுபட்டீங்களே. இவங்க திறப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது டீச்சர்."

"திறக்காமலே போயிருந்தா?"

கோமளவல்லி பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"அடுத்த மழைக்கும் வந்து பார்த்திருப்போம்."